வேற வாயில ஏறாது

வெண்மதி: இன்னும் தொற.

பக்கிரி: தொறந்துதான இருக்கு.

வெண்மதி: இதுவா? ஆட்டோக்காரன் குறுக்க வந்தா ஜன்னல்ல தலைய நீட்டிக் கத்துவியே, அந்த அளவுக்குத் தொற.

பக்கிரி: ஆஆ...

வெண்மதி: ம்மா, நீ அந்த ஸ்டூல்ல போயி ஒக்காரு. தலைக்கு மேல நின்னுக்கினு லைட்ட மறைக்காத.

மலர்க்கொடி: நான் பாக்கக் கூடாதா?

வெண்மதி: கட்டுன புருஷன் பல்லுல புதுசா என்னா இருக்கு?

மலர்க்கொடி: பல்லு கெடக்குது. அந்தக் கிளிப்ப எப்படி மாட்டற, எப்படிக் கழட்டறன்னு பாக்கறேன்.

வெண்மதி: மாட்டிக்கப் போறது அவரு. அவருக்குச் சொல்லித் தரேன்.

பக்கிரி: அவளும் பாக்கட்டும் பாப்பா. எனக்கு ஞாபகம் நிக்காது.

வெண்மதி: உனக்கா? கடலூர்லேந்து சிதம்பரம் வரைக்கும் ரோட்ல எத்தினி பள்ளம்னு சொல்லுவ. பேசாத. வாயில என் கை இருக்கு, கடிச்சிடாத... இது மேல் தட்டு. பல்லு மேல வச்சு, ரெண்டு கட்ட வெரலால அமுக்கணும். டக்குனு ஒக்காரும். ஒக்காந்துச்சா?

பக்கிரி: ம்.

வெண்மதி: இப்ப கீழ் தட்டு. தாடைய முன்னாடி தள்ளு. இன்னும். இன்னுங்கொஞ்சம். ஆங்... கடி.

மலர்க்கொடி: ஐயே! எலக்சன்ல நின்னு தோத்தவரு மாதிரி தாடையத் தூக்கிக்கினு...

வெண்மதி: சிரிக்காத ம்மா. நீயும் சிரிக்காதப்பா, கழண்டுக்கும். தூங்கும்போது நாக்கு பின்னாடி சரிஞ்சு தொண்டைய அடைக்குது. காத்து போற வழி சின்னதாச்சுன்னா கொறட்ட. முழுசா அடைச்சுக்கினா மூச்சே நின்னுடும். கீழ்த் தாடைய முன்னாடி இழுத்துப் புடிச்சா நாக்கும் கூட முன்னாடி வரும். வழி தொறந்திருக்கும். அவ்ளதான் இந்தக் கிளிப்புக்கு வேல.

மலர்க்கொடி: மூச்சு நின்னா ஆளு செத்துட மாட்டானா?

வெண்மதி: மூள தட்டி எழுப்பும். திடுக்குனு ஒரு மூச்சு வாங்கி மறுபடியும் தூங்கும். ராத்திரி முழுக்க இதே கூத்து. அதான் எட்டு மணி நேரம் படுத்துக் கெடந்தாலும் தூங்குன மாதிரியே இருக்காது. இப்படியே வுட்டா ப்ரஷர் ஏறும், நெஞ்சு கெடும், பக்கவாதம் வரும். ப்பா, வூட்டுக்கு மிஷின் குடுத்தனுப்பி ராத்திரி தூக்கத்துல எடுத்த டெஸ்டு, அந்த ரிப்போர்ட்ல என்னா இருக்கு தெரியுமா? மணிக்கு நாப்பத்தோரு தடவ மூச்சு அடைக்குது. தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்க வேண்டிய ஆக்சிஜன் எழுவத்தி நாலு வரைக்கும் எறங்குது.

பக்கிரி: மலரு, கேட்டியா? எழுவத்தி நாலாம்.

மலர்க்கொடி: கேட்டேன், கேட்டேன்.

வெண்மதி: வாயில வச்சிக்கினே எப்படிப்பா இவ்ள தெளிவா பேசற?

பக்கிரி: கழட்டிட்டேன். கையில வச்சிருக்கேன்.

வெண்மதி: யாரு கழட்டச் சொன்னா?

பக்கிரி: கழட்டத் தெரியுதான்னு பாத்தேன். பாப்பா, இது கொஞ்சம் பெருசா இல்ல?

வெண்மதி: உன் வாய்க்குச் செஞ்சது.

பக்கிரி: இல்ல, இதுலயே சின்ன சைஸ்...

வெண்மதி: செருப்புக் கடையாப்பா இது? மாவு வச்சு உன் பல்லுக்கு அச்செடுத்து, சென்னைக்கு அனுப்பி, வரவழைக்கறதுக்குள்ள லேப்காரன்கிட்ட எத்தினி சண்ட போட்டேன் தெரியுமா?

பக்கிரி: ரோஸ் கலர்ல கெடைக்காதா?

வெண்மதி: எதுக்கு ரோஸ்?

பக்கிரி: பாக்க நல்லாருக்கும்ல.

வெண்மதி: யாரு பாக்கப் போறா உன் வாய?

மலர்க்கொடி: அதான் நல்லது. வாய்க்குள்ளயே இருக்கும், வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?

வெண்மதி: தெரியாது. அதுக்குத்தான இவரு, தூங்கும்போது மூக்குல காத்து அடிக்கற மாஸ்க் மிஷின் வேணாம்னு குதிச்சாரு? நெஞ்சு டாக்டர் மொதல்ல அதத்தான் எழுதுனாரு. இவ்ள ஜாஸ்தியா இருந்தா அதுதான் சரி. இவரு என்னா சொன்னாரு? ராத்திரி ஹால்ட்டு காட்டுமன்னார்கோயில்ல, பஸ்ஸுக்குள்ள படுக்கணும், கரண்டுக்கு எங்க போறதுன்னு...

பக்கிரி: உண்மதான.

வெண்மதி: எது உண்ம? கண்டக்டர் அன்பரசு அண்ணன போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒரு வருஷமா நீ ஹால்ட்டே போறதில்லையாமே. வேற டிரைவர் கால்ல விழாத கொறையா மாத்திக்கறியாமே.

பக்கிரி: அவனுக்கு வாய் நீளம்.

வெண்மதி: ஏன் போறதில்ல?

பக்கிரி: கொசு.

வெண்மதி: நம்ம ஊரு குடிகாட்டுல இல்லாத கொசுவா?

பக்கிரி: அங்க சிப்காட் கம்பெனிங்க பொகைக்கு கொசு கொஞ்சம் கம்மிதான்.

வெண்மதி: நீ செத்தாலும் ஜோக்கு அடிச்சிக்கினேதான் சாவ. போன மாசம் புதுச்சத்திரத்துல கண்ணு சொக்கி கல்யாண பேனர் மேல பஸ்ஸ ஏத்துனியே, அப்பவும் ஜோக்கு அடிச்சியா?

மலர்க்கொடி: யாருக்கும் அடி படலல்ல, வுடேன்.

வெண்மதி: பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மொகம் கிழிஞ்சுது. நல்லவேள, பேனர்ல. அங்க நாலு ஸ்கூல் புள்ளைங்க நின்னிருந்தா? ஊரே வாட்ஸப்ல பாத்துச்சு. எங்க ஹாஸ்டல்ல ஒருத்தி எங்கிட்டயே நீட்டறா, இந்த டிரைவரப் பாரேன்னு.

பக்கிரி: நீ என்னா சொன்ன?

வெண்மதி: எங்கப்பான்னு சொன்னேன். போன உள்ள வச்சிக்கினா. இப்ப பேசு. இருவத்தி ரெண்டு வருஷம் ஸ்டீரிங் புடிச்ச ஆளு, ஒரு மாசமா ஷெட்டுல பஸ்ஸு கழுவற. நாளைக்குக் காலையில, நீ வண்டி ஓட்டலாம்னு டாக்டர் லெட்டரு போவலன்னா வண்டிய அந்தப் புது டிரைவர் அருண்பாண்டியன் கையில குடுத்துடுவேன்னு உங்க முதலாளி சொல்லிட்டாரு. வைத்தியம் ஆரம்பிச்சாச்சுன்னு நான் இங்கேந்து நோட்டு போட்டாதான் நெஞ்சு டாக்டர் அந்த லெட்டருல கையெழுத்தே போடுவாரு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. எங்க கிளினிக்கு சார் சாப்புட்டுத் தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள, அவரு நாற்காலியில உன்ன ஒக்கார வச்சு செஞ்சிக்கினு இருக்கேன். நீ ரோஸ் கலர் கேக்கற.

மலர்க்கொடி: டாக்டருக்குப் படிச்சுப்புட்டு ஏன்டி இப்படிக் கத்தற?

வெண்மதி: கத்துனாதான் படிக்கவே முடிஞ்சுது எனக்கு. அதுக்கும் அரை டாக்டர்னுதான சொல்றானுங்க உங்க தெருவுல.

மலர்க்கொடி: யாரு சொன்னது?

வெண்மதி: எதுத்த வூட்டு தேவசகாயம் மாமா. பல்லு டாக்டர்தான, உங்கப்பன் கொறட்டைய நிறுத்து பாப்போம், என் வூட்டுக் கூர ஓட்டையே தூக்குதுன்னாரு. எனக்கு மொகத்த எங்க வச்சிக்கறதுன்னு தெரியல.

பக்கிரி: அவன் சொல்லிட்டுப் போறான். ஆம்பள கொறட்ட வுட்டா என்னா இப்ப? நான் சந்தோசமாத்தான் கேட்டுக்கறேன்.

வெண்மதி: என்னா சந்தோசம்? கெடக்கட்டும், இந்த ஃபார்ம ரொப்பணும். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. காலையில எழுந்தா தல வலிக்குதா?

பக்கிரி: தலவலியா... மலரு?

வெண்மதி: அவங்கள ஏன் கேக்கற?

பக்கிரி: வலிக்குது. நெத்திய சுத்தி. பத்து மணி வரைக்கும்.

மலர்க்கொடி: ஒம்போது வரைக்கும்.

வெண்மதி: உனக்கு எப்படிம்மா தெரியும்?

மலர்க்கொடி: தைலம் தேய்க்கறது யாரு?

வெண்மதி: ராத்திரி ஒண்ணுக்குப் போவ எத்தினி தடவ எழுந்துக்கற?

பக்கிரி: மூணு.

மலர்க்கொடி: ரெண்டு.

பக்கிரி: மூணு. நான்தான லைட்டு போடறேன்.

வெண்மதி: இவரு ஒண்ணுக்குப் போறதுக்கு இவரே லைட்டு போட்டுக்கறாரு, அதுல என்னா பெரும? வாய் வறண்டு போவுதா? மறதி இருக்கா?

பக்கிரி: இருக்கு. போன வாரம் அடுப்புல பால வச்சிட்டு அப்படியே...

வெண்மதி: நீ பால் காச்சுனியா?

பக்கிரி: ...எப்பவாச்சும் காச்சுவேன்.

மலர்க்கொடி: ஏன்டி, இது பொம்பளைங்களுக்கும் வருமா?

வெண்மதி: வரும். தீட்டு நின்னதுக்கப்புறம் ஜாஸ்தியாவே வரும். ஆனா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. காலேஜ்ல அஞ்சு வருஷம் இருந்தேன். கொறட்டன்னு சொல்லிக்கினு வந்த பொம்பளைங்க மொத்தம் ரெண்டு பேரு. ரெண்டு பேரும் புருஷனுக்காக வந்தவங்க.

மலர்க்கொடி: எப்படிச் சொல்லுவாங்க? குடிகாட்டுல மாரியம்மாளுக்குக் கொறட்ட வருதுன்னு அவ மாமியாக்காரி மாட்டுக் கொட்டாயில படுக்க வச்சாளே. ஊரே கைகொட்டி சிரிச்சுது. அவ புருஷனும் சேந்து சிரிச்சான்.

வெண்மதி: அந்த மாமியாளையும் புள்ளையையும் இட்டாந்து இந்த நாற்காலியில ஒக்கார வைங்க. மரத்துப்போற ஊசி போடாம ஆளுக்கு நாலு கடவாப் பல்லப் புடுங்கறேன். ஆம்பள கொறட்ட வுட்டா ஒழச்ச அசதி, பொம்பள வுட்டா மாட்டுக் கொட்டாயா?

பக்கிரி: நல்லாக் கேளு பாப்பா. நான் எத்தினியோ தடவ சொல்லிட்டேன், அசிங்கம் ஒண்ணுமில்லன்னு...

மலர்க்கொடி: ஏங்க.

பக்கிரி: ...மாரியம்மாகிட்ட சொன்னேன்.

வெண்மதி: மாரியம்மா கொறட்டைக்கு நீ எதுக்குப் பஞ்சாயத்து பண்ண? சரி, குடு அத. ஓரம் ஒரு எடத்துல உறுத்தும் போல. தேய்ச்சுக் குடுக்கறேன். தெனம் காலையில பிரஷ் போட்டு பச்சத் தண்ணியில கழுவணும். சுடுதண்ணி கூடாது, வளைஞ்சிடும். மொத ரெண்டு வாரம் எச்சி ஒழுவும், காலையில தாட வலிக்கும். பயப்படக் கூடாது.

மலர்க்கொடி: சோறு திங்கும்போது கழட்டிடலாம்ல?

வெண்மதி: தூங்கும்போது மட்டுந்தாம்மா. ஒரு மாசம் கழிச்சு, இத வாயில போட்டுக்கினு அந்த டெஸ்ட மறுபடியும் எடுக்கணும்.

பக்கிரி: மறுபடியுமா? அவ... நான் மறுபடியும் ஒயரெல்லாம் கட்டிக்கணுமா?

வெண்மதி: கட்டித்தான் ஆவணும்.

பக்கிரி: பாப்பா, ஒரு சந்தேகம். இதையே இப்ப இன்னொருத்தரு போட்டுக்கினா?

வெண்மதி: எந்த இன்னொருத்தரு?

பக்கிரி: ஒரு பேச்சுக்கு. கொஞ்சம் சின்ன வாயி. ஹெல்மெட்டு வாரு மாதிரி ஸ்குரூவ திருப்பி டைட் பண்ணிக்கினு...

வெண்மதி: ஏறாது. உன் பல்லு ஒவ்வொண்ணுக்கும் பள்ளம் எடுத்திருக்கு. வேற வாயில ஏறாது. இழுத்துச் சொருவுனா அவங்க பல்லுதான் ஆடும்.

பக்கிரி: ஏறவே ஏறாதா?

வெண்மதி: ஏறாது.

பக்கிரி: அப்ப எல்லாம் வேஸ்ட்டா?

வெண்மதி: என்னா வேஸ்ட்டு?

மலர்க்கொடி: ஒண்ணுமில்லடி, அவருக்குப் பேச்சுல ஒளறல் ஜாஸ்தி. நீ தேய்.

வெண்மதி: நாற்காலிய சாய்க்கறேன். மல்லாந்து சும்மா படு. அஞ்சு நிமிஷம். இந்த மிஷின் கொஞ்சம் கிர்ருங்கும்...

மலர்க்கொடி: நான் அந்த ஃபேன அவரு பக்கம் திருப்பி வைக்கறேன்.

வெண்மதி: ...முடிஞ்சிச்சு. ப்பா, வாயத் தொற. ப்பா?

மலர்க்கொடி: உஷ்ஷ். தூங்கிட்டாரு.

வெண்மதி: காதுகிட்ட மிஷின் ஓடுது, அதுலயா?

மலர்க்கொடி: செத்த நேரம் வுடேன்டி. மனுசன் தூங்கி எத்தினி நாளாச்சு.

வெண்மதி: ஏன், நேத்து ராத்திரி என்னா பண்ணாரு?

மலர்க்கொடி: தூங்குனாரு. நல்லாத் தூங்கலங்கறேன்.

வெண்மதி: ...ம்மா.

மலர்க்கொடி: என்னா?

வெண்மதி: சத்தத்தக் காணோம்.

மலர்க்கொடி: மிஷினதான் நிறுத்திட்டியே.

வெண்மதி: மிஷின் சத்தம் இல்ல. இவரு சத்தம். மல்லாந்து கெடக்கறாரு. வாய் தொறந்திருக்கு. கிளிப்பு என் கையில இருக்கு. கொறட்ட ஜாஸ்தியா வர வேண்டியதே இப்பதான். பூன மாதிரி மூச்சு வுடறாரு. கூர ஓட்டத் தூக்கற ஆளு எங்க?

மலர்க்கொடி: அவருக்குப் பகல்ல வராது.

வெண்மதி: கொறட்டைக்கு ஷிப்ட்டு இருக்கா? இரு. கொரோனாவுல சார் வாங்கிப் போட்ட, வெரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கற மிஷின் இங்கதான் எங்கயோ... ஆங். இவரு வெரல்ல மாட்டறேன். பேசாம இரு.

மலர்க்கொடி: எதுக்குடி தூங்கற மனுசன...

வெண்மதி: பேசாம இருன்னேன். பத்து நிமிஷமாச்சும் பாக்கணும்... தொண்ணூத்தி எட்டு.

மலர்க்கொடி: அது நல்லதா, கெட்டதா?

வெண்மதி: பத்து நிமிஷமா தொண்ணூத்தி எட்டு. ஒரு தடவ கூட எறங்கல. ரிப்போர்ட்டு எங்க... இங்க பாரு. மணிக்கு நாப்பத்தோரு தடவ. ஒவ்வொரு தடவையும் மூச்சு அடைச்ச கொஞ்ச நேரத்துல ஒடம்பு குலுங்குது. யாரோ புடிச்சு உலுக்குன மாதிரி. கைய கால ஆட்டுனாருன்னு இத அப்படியே தள்ளிட்டோம். ப்பா. ப்பா! எழுந்துரு!

பக்கிரி: ஆ... மலரு! மூச்சு வுடு, மூச்சு... எந்த எடம் இது?

வெண்மதி: கிளினிக்கு. நீ யாரப் பாத்து மூச்சு வுடுன்ன?

பக்கிரி: கனா.

வெண்மதி: உனக்குக் கொறட்டையே இல்ல.

பக்கிரி: யாரு சொன்னா? ஊர்ல கேளு. தேவசகாயத்தக் கேளு.

வெண்மதி: உன் தொண்டையக் கேட்டேன். இந்த ரிப்போர்ட்டு உன்னுது இல்ல. உனக்கு வியாதி இல்லன்னா அன்னைக்கு ஏன் வண்டியில தூங்கி வுழுந்த? குடிச்சியா?

பக்கிரி: ...ஆமா.

மலர்க்கொடி: ஐயையோ, ஏங்க! வாயில மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்களே! இவராவது, குடிக்கறதாவது...

பக்கிரி: நீ சும்மா இரு மலரு.

வெண்மதி: குடிச்சு ஓட்டுனேன்னு சொன்னா முதலாளி தூக்கறது மட்டுமில்ல, லைசென்சும் போயிடும். தெரியுமா உனக்கு?

பக்கிரி: தெரியும்.

வெண்மதி: தெரிஞ்சுமா சொல்ற? பொய் ரிப்போர்ட்டுக்கு நான் நோட்டு போட மாட்டேன். லெட்டரு கெடையாது.

பக்கிரி: வேணாம். அருண்பாண்டியனே ஓட்டட்டும். சின்ன வயசு, நல்லா ஓட்டுவான். எனக்கு ஷெட்டு போதும்.

வெண்மதி: ஸ்டீரிங்க வுட்டா செத்துடுவேன்னு போன வாரம் போன்ல அழுதியே?

பக்கிரி: அது போன வாரம்.

வெண்மதி: நீ என்னத்தையோ மறைக்கற. சரி, உன் வேல எப்படியோ போவட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த மிஷின யாரு வெரல்ல மாட்டுன?

பக்கிரி: அது எதுக்கு இப்ப?

வெண்மதி: எதுக்கா? அது யாரா இருந்தாலும் அந்த ஆளுக்குத் தூக்கத்துல உசுரு போவலாம்! எழுவத்தி நாலு! நான் ஒரு மாசமா தப்பான வாய்க்கு வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன்! யாரு?

பக்கிரி: அன்பரசு.

வெண்மதி: கண்டக்டரா?

பக்கிரி: ஆமா. ராத்திரி வூட்டுக்கு வந்தான். டெஸ்டுல நான் மாட்டிக்கினா வேல போயிடுமேன்னு பயந்து, அவன் வெரல்ல...

வெண்மதி: மூணு கொழந்த அந்த மனுசனுக்கு. கடைசி இன்னும் நடக்கவே இல்ல. இரு, நம்பர் இருக்கு எங்கிட்ட. அவங்க வூட்டு அக்காகிட்டயும் சொல்லிடறேன். இன்னைக்கே கெளம்பி வரச் சொல்லி...

பக்கிரி: பாப்பா, வேணாம்.

வெண்மதி: ரிங்கு போவுது.

பக்கிரி: கட் பண்ணு பாப்பா. சொன்னாக் கேளு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்...

வெண்மதி: யாருக்கு? இரு, எடுத்துட்டாரு. அலோ, அன்பரசண்ணே? வெண்மதி பேசறேன். அக்கா பக்கத்துல இருக்காங்களா? பதறாம கேளுங்க, உங்களுக்கு...

மலர்க்கொடி: போன வைடி. அன்பரசுக்கு ஒண்ணுமில்ல. என் வெரல்லதான் கட்டுனாரு. எட்டு வருஷமா கொறட்ட என்னுது, பேரு அவருது. இவருதான், பேரு என்மேலயே இருக்கட்டும், உனக்கு என்னா நோவுன்னு மட்டும் தெரிஞ்சிக்கலாம் மலருன்னு கெஞ்சுனாரு... என் மூச்சு நின்னா உலுக்கி வுடறதுக்கு ராவெல்லாம் பக்கத்துல குந்திக்கினு இருக்காருடி. தூக்கம் பகல்ல வராம என்னா பண்ணும்? உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனது நான்தான். ...இந்தாய்யா, எறங்கு கீழ. நான் ஒக்கார்றேன்.